சர்வர் அறைச் சாவி வேண்டி அத்தானுக்கு

பெருமதிப்பிற்குரிய அத்தானுக்கு,

தடுப்பூசிக் கிடங்கின் கணினிப் பொறுப்பில் உங்களுக்குப் பின் வந்து உட்கார்ந்திருக்கும் மைத்துனன் எழுதுவது. நான் நலமில்லை. நீங்களும் அக்காவும் நலமென்றும், வேலையை விட்டுப் போனபோது சர்வர் அறையின் மாற்றுச் சாவியை மறதியாக வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பீர்கள் என்றும் நம்புகிறேன்.

காலையில் வெளியார் யாரும் நம் சர்வரைத் தொட முடியாதபடி ஃபயர்வாலில் இரண்டு விதிகள் எழுதினேன். ஒன்று, யாரையும் உள்ளே விடாதே; மற்றது, என்னை மட்டும் விடு. முதல் விதியைச் சேமித்தேன். அது உடனே அமலுக்கு வந்ததால் இரண்டாவதைச் சேமிக்க என்னையே விடவில்லை. பத்து நிமிடத்தில் பழைய விதிகள் தானாகத் திரும்பும்படி முன்கூட்டியே கட்டளை இட்டுவைக்கச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். இட்டிருந்தேன், என் மேசைக் கணினியில். அது நேரம் தவறாமல் சர்வரிடம் போனது. அதையும் உள்ளே விடவில்லை. இனி நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும். சர்வர் அறைக் கதவோ, நாம் காட்டும் அட்டை சரிதானா என்று சர்வரைக் கேட்டுத்தான் திறக்கும். சர்வர் யாருடனும் பேசுவதில்லை. கதவில் சிவப்பு விளக்கு எரிகிறது. அவசரச் சாவி ஒன்று உண்டு. அதைப் பத்திரமாக சர்வர் அறைக்குள்ளேயே பூட்டிவைத்தவன் நான்.

குளிர் அறையும் சர்வர் சொல் கேட்டு நடப்பது. சொல் வராததால் குளிரூட்டி நின்றுவிட்டது. ஐந்து டிகிரியில் இருந்த முள் இப்போது ஏழைத் தாண்டுகிறது. கிடங்குப் பொறுப்பாளர் அம்மா முள்ளையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"எட்டைத் தாண்டினா மொத்தமும் குப்பைக்குத்தான் தம்பி. நாளைக்குக் காலைல எண்ணூறு குழந்தைங்க வருது. என்னத்தப் போடுறது, உங்க பாதுகாப்புச் சுற்றறிக்கையையா?"

கதவை உடைக்கலாம் என்றார் காவலாளி. உடைக்கவே முடியாது என்ற சான்றிதழோடு அதை வாங்கியவனும் நானே. எங்கள் கைப்பேசிகள் வாசல் பெட்டகத்தில் இருக்கின்றன. அதுவும் அட்டைக்குத்தான் திறக்கும். வெளியே வண்டியோடு நிற்கும் ஓட்டுநரின் கைப்பேசியிலிருந்து உங்களை ஏழு முறை அழைத்தோம். தெரியாத எண்ணை எடுக்கக் கூடாது என்பது உங்கள் கொள்கை. எட்டாவது முறை பார்த்தால் எண்ணையே தடைசெய்துவிட்டீர்கள். குறை சொல்லவில்லை, பாதுகாப்பு என்றால் அதுதான். ஆகவே ஓட்டுநரையே அனுப்புகிறேன்.

இக்கடிதம் மோசடி அல்ல என்பதற்கு அத்தாட்சி: உங்கள் ஸ்கூட்டரைச் சுவரில் மோதியது பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, நான். இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

சாவி இல்லையென்று சொல்லிவிட வேண்டாம். இன்னொரு முறை அலமாரியில் பாருங்கள். அக்காவிடம் என் வணக்கத்தை மட்டும் சொல்லவும், விஷயத்தைச் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்கு என் அன்பு.

முள் ஏழரையைத் தொடும் வேளையில்,
தங்கள் மைத்துனன்

பி.கு.: ஓட்டுநர் கிளம்பிவிட்டதால் இந்தத் துண்டுச் சீட்டைக் காவலாளி சைக்கிளில் கொண்டுவருகிறார். அவர் முந்திக்கொண்டால் கடிதத்தை வாங்கவே வேண்டாம். தரை துடைக்கும் அம்மா வாளியோடு வந்து கைப்பிடியை இழுத்தார். சர்வர் அறை திறந்தது. முக்கால் மணி நேரமாக விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. கதவு பூட்டிக்கொள்ளாதபடி தாழ்ப்பாள் நாக்கின் மேல் எட்டு மாதமாக டேப் ஒட்டியிருக்கிறாராம். "எனக்கு எந்த மகராசன் அட்டை குடுத்தான்?" என்றார். உள்ளே போய் முதல் விதியை அழித்தேன். குளிரூட்டி ஓடுகிறது, முள் இறங்குகிறது. இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு மீறல் என்று விளக்கத் தொடங்கினேன். "அப்ப பிச்சி எறிஞ்சிடட்டுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்று முதலில் சொன்னவர் கிடங்கு அம்மா. ஆனால் நானும் அதிகம் பிந்தவில்லை.