மாடியிலிருந்து மாப்பிள்ளைக்கு, ஊசித் துளை சம்பந்தமாக

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாடி அறையிலிருந்து மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். கீழே நீங்கள் சௌக்கியமாக இருப்பது அறுப்பு மெஷின் சத்தத்திலேயே தெரிவதால் தனியாக விசாரிக்கவில்லை. பதினெட்டுப் படி இறங்கினால் நேரிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் பட்டறையில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொல்லப்போவதைக் கத்திச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்று மதியம் வெல்டர் பெண்ணைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். பட்டறையே 'நிதானம்' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற பெண் அவள். பால் தொழிற்சாலைக்குப் போகிற எவர்சில்வர் குழாயில் ஐந்து இணைப்பு வெடித்துக் கெட்டுப்போனதற்கு அவள் கைதான் காரணம் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். காரணம் அவள் கை இல்லை மாப்பிள்ளை, என் கை. ஆறு மணிக்கு அவள் முகமூடியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவதற்குள் இதை நீங்கள் படித்தாக வேண்டும்.

நடந்தது என்னவென்றால், நான் இங்கே வந்து இரண்டு வாரம் ஆகிறது, உங்கள் வீட்டில் எனக்குச் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது, சாப்பிட்ட நேரம் போக மிச்ச நேரத்தில் பட்டறை முக்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். நிதானம் குழாயின் இரண்டு முனையையும் டேப் ஒட்டி மூடுகிறாள், ஒரு முனையில் ரப்பர் குழாயைச் சொருகி ஆர்கான் வாயுவைத் திறந்துவிடுகிறாள், அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறாள். பற்றவைப்பது வெளியே, வாயு எதற்கு உள்ளே என்று கேட்டேன். "வெளியே வைக்கிற சூடு உள்ளேயும் தாக்கும்ல ஐயா? அந்த நேரத்துல உள்ளே காத்து இருந்தா கருகிப்போய்ச் சொரசொரன்னு ஆயிடும். அப்புறம் அதுல பால் ஒட்டிக்கிட்டுக் கெட்டுப்போகும். செவ்வாய்க்கிழமை பால் தொழிற்சாலைக்காரங்க கம்பியில கேமரா கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பாங்க" என்றாள். அடிப்பிடித்த பாத்திரத்தைக் கழுவிப் பழகியவனுக்கு இது விளங்காதா? உள்ளே காற்று நுழையக் கூடாது, நன்றாக மூடி வைக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேதான் வந்தது வினை. அடுத்த நாள் குழாயின் மறுமுனையில் 'சீ' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் டேப்பில் ஊசியால் குத்தின மாதிரி ஒரு துளை! முப்பத்தாறு வருஷம் குடிநீர்க் குழாயில் கசிவு அடைத்தே பிழைத்தவன் நான், ராத்திரி தூக்கத்தில் பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால்கூட எழுந்து உட்காருகிறவன், என் காது அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னைச் சும்மா விடுமா? நிதானம் முகமூடியை இறக்கிவிட்டாள் என்றால் அவளுக்கு உலகமே தெரியாது. பாவம், கவனிக்காமல் விட்டுவிட்டாள், நாம்தான் உதவ வேண்டும் என்று கை கழுவுகிற சோப்பில் ஒரு துண்டு கிள்ளி, உருட்டி, துளையில் அப்பினேன். ஒரு மூச்சுகூட வெளியே வரவில்லை. இணைப்பைச் சுற்றிப் பற்றவைத்துக்கொண்டே வந்தவள் கடைசி அரை விரல் அகலத்தை மூடப்போகும்போது 'டப்'! உருகின உலோகம் வெளியே தெறித்து, அந்த இடத்தில் ஒரு பொத்தல். அவள் துள்ளிக் குதித்தாள், நீங்கள் ஓடி வந்தீர்கள், நான் நைசாகச் சோப்பைத் துடைத்து எடுத்துவிட்டேன். எதையும் மறைப்பதற்காக இல்லை மாப்பிள்ளை, வேலை முடிந்த இடத்தைச் சுத்தமாக விட்டுவருவது என் பழக்கம்.

அதற்கப்புறம் நீங்கள் கம்பியை மாற்றினீர்கள், சிலிண்டரை மாற்றினீர்கள், மெஷினைக் கழற்றி மாட்டினீர்கள். அத்தனையையும் நான் முக்காலியில் இருந்தபடி அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன், யோசனைகூடச் சொன்னேன், நடுவில் மறுபடி 'சீ' என்று கேட்டபோதெல்லாம் போய்ச் சோப்பும் அப்பினேன். நேற்று எல்லார் முன்னாலும் "உன் கை நடுங்குதும்மா" என்றீர்கள். "என் கை நடுங்கல முதலாளி" என்றாள். ஆனால் அப்புறம் ஒரு ஓரமாகப் போய்க் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுங்காத கையை அவளே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

இன்று நீங்கள் அவளை வர வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "அந்த ஊசித் துளையை ஏம்மா அடைக்காமலே விடுறே?" என்றேன். "அதை அடைக்கவே கூடாது ஐயா, நான்தான் குத்தி வைக்கிறேன். ஏற்கெனவே உள்ளே இருக்கிற காத்து அது வழியாத்தான் வெளியே போகணும். அடைச்சுட்டா வாயு எங்கே போகும்? கடைசியில மூடுற இடத்தைப் பிச்சுக்கிட்டு வந்துடும்" என்றாள். அப்படியே மாடிக்கு ஓடி வந்துவிட்டேன்.

நான் அடைத்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது மூன்றுதான். ஆனால் கெட்டது ஐந்து. இந்த வயதில் ஞாபகத்தை நம்பி என்ன செய்வது? ஐந்தையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நிதானத்தைக் கூப்பிட்டு உன் கையில் தப்பில்லை என்று சொல்லுங்கள், அதையும் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். நாளைக் காலை ஏழு மணிப் பேருந்தில் நான் ஊருக்குக் கிளம்புகிறேன். நான் போய்விட்டால் உங்கள் பட்டறையில் இனி ஒரு இணைப்பும் வெடிக்காது. இது உறுதி.

உங்கள் குழாய்கள் உள்ளும் புறமும் ஒரே மாதிரி மின்னட்டும். நீங்களும் என் மகளும் அப்படியே அப்பழுக்கில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்
உங்கள் மாமனார்

பி.கு.: எழுத்துப்பிழை இருந்தால் உங்கள் முன்னால் மானம் போகுமே என்று இதை என் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, உங்க ஞாபகம் சரிதான். மூணுதான் உங்களோடது" என்றாள். "மிச்சம்?" என்றேன். "டீ கொண்டு போகும்போது சீன்னு சத்தம் வந்துதுப்பா. கேட்டுட்டு எப்படிச் சும்மா வர்றது? டேப்பை ஒட்டிட்டு வந்தேன். ரெண்டு தடவை. அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் நிதானம் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது, அதனால் எழுதிவிட்டேன். மேலே 'இது உறுதி' என்று எழுதியிருக்கிறேனே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். நான் ஏழு மணிப் பேருந்தில் போய்விடுவேன் மாப்பிள்ளை. அவள் உங்களோடுதான் இருப்பாள்.