ஆவணப்படத்தில் நடித்த எங்கள் வீட்டு ஒழுகல்

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அதைவிட முக்கியம், கூரை நலம். "ஒழுகுற வீட்டுக்குக் கைக்குழந்தையத் தூக்கிட்டு வரமாட்டேன்" என்று நீ சொன்னதிலிருந்து அம்மா உன் பழைய கட்டிலைத் துடைப்பதும், துடைத்த இடத்திலேயே வாளி வைப்பதுமாக இருந்தாள். நான் வீட்டுக்காரரிடம் நடையாய் நடந்தேன். "ஃபேன் மாட்டுறேன்னு நீங்கதான் கூரையில ஓட்டை போட்டீங்க, நீங்களே அடைங்க" என்பதுதான் அவர் பாட்டு. வீட்டுவசதி அலுவலகத்து அதிகாரியையும் அதை நம்ப வைத்துவிட்டார்.

அப்போதுதான் ஒரு நாள் கேமராவோடு ஒரு கும்பல் மாடியேறி வந்தது. நீ பீரோ கதவு முழுக்க ஒட்டி வைத்திருந்தாயே, அந்த நடிகருடைய வாழ்க்கையை ஆவணப்படம் எடுக்கிறார்களாம். சின்ன வயதில் அவர் நம் வீட்டில்தான் இருந்தாராம். சொன்னது வீட்டுக்காரர். இயக்குநர் பெண் அண்ணாந்து ஒழுகலைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டாள். நாம வருஷக்கணக்கா நனைஞ்சப்ப கலங்காத உலகம்! ஃப்ரிட்ஜை மறைக்கச் சொன்னாள், ஏழை வீட்டுல அது இருக்காதாம். தவணை கட்டுறவன் பின்ன யாராம்? ஆஸ்பத்திரித் துணியெல்லாம் துவைத்துவிட்டு அப்போதுதான் வந்த அம்மாவிடம், "கொஞ்சம் சோகமா பாருங்கம்மா" என்றாள். "இதுக்கு மேல சோகம் வேணும்னா ஓவர்டைம் ஆகும்மா" என்றாள் அம்மா. அன்னைக்குன்னு பார்த்து மழை இல்லை. குழாயில நமக்குச் சொட்டுத் தண்ணி வராத தெருவுக்கு ஒரு முழு லாரித் தண்ணியக் கொண்டுவந்து கூரை மேல ஊத்தினாங்க அக்கா! நான் கத்தினேன். "சத்தம் பதிவாகுது சார்" என்று அதட்டினார்கள். நடிகர் வரவே இல்லை. எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து, நம் ஒழுகலைத் திரையில் பார்த்து, "என்னை வளர்த்தது இந்தத் துளிதான்" என்று அழுதுவிட்டாராம்.

ஆனால் கேள், அதில்தான் நமக்கு விடிந்தது. வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பேட்டி கொடுத்தார். "அப்பவும் இப்படித்தான் ஒழுகுமா சார்?" என்று இயக்குநர் கேட்டாள். மனுஷன் நெஞ்சை நிமிர்த்தி, "அன்னைக்குச் சொட்டின அதே இடம்மா. நம்ம நடிகர் தம்பி நினைவா இன்னைக்கு வரைக்கும் நான் கை வைக்கலையே!" என்றார். படம் வெளிவந்ததும் போனை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினேன். அவர் ஏற்கெனவே பார்த்து அழுதிருந்தார். மறுபடி போட்டுக் காட்டினேன். "அப்ப ஓட்டை நீங்க போட்டதில்லையா?" என்று மெதுவாகக் கேட்டார். "அந்த நடிகர் சின்னப் பையனா இருந்தப்ப நான் பிறக்கவே இல்ல சார்" என்றேன். வீட்டுக்காரர்தான் அடைக்க வேண்டும் என்ற உத்தரவு கையோடு வந்தது. கொத்தனார் வந்து, ஒழுகலோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு, அடைத்துவிட்டுப் போனார்.

நேற்று அடித்த மழையில் வாளி காய்ந்து கிடந்தது. அம்மா அதைக் கவிழ்த்துப்போட்டு, மேலே உட்கார்ந்து டீ குடித்தாள். இனி உனக்குச் சாக்கு இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம். குழந்தையின் இரண்டு கன்னத்துக்கும் தனித்தனியாக என் முத்தம்.

இப்படிக்கு,
காய்ந்த தலையோடு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது புதுக் கூத்து. நடிகரின் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "என் பிள்ளை ஒழுகுற வீட்டுலயா வளர்ந்தான்? மானம் போச்சு!" என்று அறிக்கை விட்டிருக்கிறார். அவர்கள் இருந்தது பங்களாவாம். தண்ணீர் இருந்தது நீச்சல் குளத்தில் மட்டும்தானாம். ஆக, இத்தனை பேரில் பொய் சொல்லாதது நம் ஒழுகல் ஒன்றுதான். வீட்டுக்காரர் ஏணியோடு வந்து நிற்கிறார்: "நான் சொன்னதே பொய்யின்னு ஆயிருச்சு, உத்தரவும் செல்லாது. பூச்சைப் பேர்த்து எடுக்கப் போறேன்." அம்மா கை துடைத்துக்கொண்டு வெளியே போனாள். "தாராளமா ஏறுங்க. ஏணிய நான் பிடிச்சுக்கறேன்."

இன்னும் கீழேதான் நிற்கிறார். நீ கிளம்பி வா.