அரிசி டின்னில் ஒரு கடிதம்

புனே,
3-2-2003

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரின் ஆசிரியர் சிரஞ்சீவி அனந்தராமனுக்கு, மகாதேவன் அநேக ஆசீர்வாதம். உம் அகத்தில் எல்லோரும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். மலர் வந்து சேரும் வரை இங்கே நாங்களும் சௌக்கியமாகத்தான் இருந்தோம்.

ரிடையரான பிறகு நான் எழுதிய முதல் கதை, 'பிள்ளையார் விட்ட வழி'. ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. 1981 ஜூனில் மெட்ராஸில் ஒரு வங்கி வேலைக்கு எனக்கு இன்டர்வியூ. அழைப்புக் கடிதம் தபாலில் தாமதித்து, இன்டர்வியூ முடிந்த மறுநாள்தான் வந்தது என்று ருக்மிணி என் கையில் கொடுத்தாள். மாம்பலத்தில் என் அம்மாவோடும் மூன்று தங்கைகளோடும் ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டிய நாங்கள், பிள்ளையார் விட்ட வழி என்று புனேயிலேயே தங்கிவிட்டோம். இதை, ஆடிட் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் நோட் போட்ட பழக்கத்தில், பத்திகளுக்கு எண் கொடுத்து, 'மேலே பத்தி 4 காண்க' என்று குறிப்பும் எழுதி, அந்தக் கடிதத்தின் உறையை முன்னும் பின்னும் ஜெராக்ஸ் எடுத்து, கெஜடட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி இணைத்து அனுப்பினேன். தன் கதைக்கு இவ்வளவு அத்தாட்சி வைத்த எழுத்தாளன் வேறு யாராவது உண்டா?

நீர் என்ன செய்தீர்? போனில் கூப்பிட்டு, உம் கோயமுத்தூர் மரியாதையோடு, "சாமியே எல்லாத்தையும் செஞ்சு போட்டா கதையில மனுசங்களுக்கு என்ன வேலைங்க சார்? யாராச்சும் எதையாச்சும் வேணும்னே செய்யோணுங்க" என்றீர். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை, ஏதோ சொல்கிறது, எழுத்துப் பிழையைத் திருத்தும் என்று நானும் விட்டுவிட்டேன். மலரைப் பிரித்தால், எண்களைக் காணோம், இணைப்பைக் காணோம், பிள்ளையாரையே காணோம். நாத்தனார்களுக்குப் பயந்த ஒரு மனைவி, கடிதத்தை அரிசி டின்னுக்குள் பன்னிரண்டு நாள் ஒளித்து வைக்கிறாள். கீழே என் பெயர். உமக்கே இது அடுக்குமா? கையால் ஒரு கிண்ணத்தைக்கூட இடம் மாற்றி வைத்து அறியாதவள் என் ருக்மிணி. கடக்வாஸ்லா பஸ்ஸில் நம் சங்கத்து சுந்தரராமன் எல்லார் காதிலும் விழும்படி, "என்ன ஓய், உங்காத்து அரிசி டின்ல இன்னும் என்னென்ன இருக்கு?" என்கிறார். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தேன். அதுகூடப் போகட்டும். நேற்றைக்கு ருக்மிணி மலரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். இரண்டு தரம் படித்தாள். அதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷ தாம்பத்தியத்தில் அவள் இப்படி வாயை மூடி நான் பார்த்ததில்லை. மனசு எவ்வளவு புண்பட்டிருக்கும்! எனக்குச் சோறு இறங்கவில்லை. கதை நன்றாக இருக்க வேண்டுமென்றால் ஒரு பதிவிரதையின் பேரைக் கெடுத்துத்தான் ஆகணுமா? நடந்ததை நடந்தபடி சொன்னால் யாரும் படிக்க மாட்டாளா?

ஆகவே, அந்த அம்மாள் நிரபராதி என்றும், தாமதம் முழுக்கத் தபால்காரருடையது என்றும், பொங்கல் விழாவில் போட்ட அதே மைக்கில் நீர் மன்னிப்புக் கேட்க வேண்டும். இவ்வளவு திட்டினாலும் நீர் நூறு வயசு இருக்கணும். உம் குழந்தை கிருஷ்ணப்ரியாவுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
நியாயம் கேட்கும்
மகாதேவன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இதை ருக்மிணிக்குப் படித்துக் காட்டினேன். 'நிரபராதி' என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். பிறகு பேசினாள். பேசி முடித்ததும் நான் போய் அந்த உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் புனே முத்திரை ஜூன் 4. இன்டர்வியூ ஜூன் 16. ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை பார்த்தவன், முன்னும் பின்னும் ஜெராக்ஸ் எடுத்தும், இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தேதியைப் படித்துப் பார்க்கவில்லை. நீர் பார்த்திருக்கிறீர். "ஏன் கிழிச்சுப் போடலை?" என்று கேட்டேன். "உங்க பேர் போட்ட கடுதாசி, மனசு வரலை" என்றாள். அந்தத் தபால்காரரை நான் பேசாத பேச்சு இல்லை. இப்போது எங்கே இருக்கிறாரோ, தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். மைக் வேண்டாம். ஆனால் கதையில் ஒரு தப்பு இருக்கிறது, அவசியம் திருத்தச் சொல்கிறாள். தினம் அரிசி அளந்து கொடுத்தவன் நானாம், அதில் வைத்திருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருக்குமாம். அது துவரம்பருப்பு டின்.