தப்புக்கு வடை வாங்கித் தந்தவர்

அடுத்தவன் தப்புப் பண்ணினால் சந்தோஷத்தில் குதிக்கிற ஆள் ஆலங்குடியில் ஒருவர்தான். பென்டிரைவ் என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை. ரிப்பேர் குறைவு. லினக்ஸ் என்று காசு கேட்காத சிஸ்டம் ஒன்று இருக்கிறதாம். பழைய கம்ப்யூட்டரும் அதில் ஓடுமாம். ஏற்றுவதுதான் கஷ்டம். மவுஸைத் தொடாதவனும் தானே ஏற்றிக்கொள்கிற மாதிரி அதைத் தமிழில் செய்துகொண்டிருந்தார்.

சோதிக்க ஆள் வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை இழுத்து வந்து உட்கார வைப்பார். உதவி செய்யக் கை பரபரக்குமாம். அதனால் தன் கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டச் சொல்வார். பக்கத்துத் தேங்காய்க் கடை என்னுடையது. கட்டுவது என் வேலை.

யாராவது தடுமாறினால் போதும்.

"தப்பாப் போச்சா? அருமை! ஒங்க மேல தப்பு இல்லங்க, திரை மேலதான். வடை சாப்பிடுங்க!"

திரையில் ஊரைக் கேட்கிற இடத்தில் தானாகக் கொல்கத்தா என்று வந்தது. கீரமங்கலம் பஸ் கண்டக்டர் கையை எடுத்துவிட்டார்.

"நான் அறந்தாங்கிக்கு அங்கிட்டே போனதில்லங்க."

அவருக்கு இரண்டு வடை.

ஒரு இன்ஜினியரிங் பையன் தப்பே இல்லாமல் முடித்தான். பென்டிரைவுக்கு முகம் தொங்கிவிட்டது.

"ஒன்னால ஒரு பிரயோசனமும் இல்ல. எந்திரிப்பா."

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நகர மறுத்தது. மகன் தோஹாவில். அவன் கல்யாணப் படங்கள் அதில் மட்டும்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பென்டிரைவ் வந்தார். என் மனைவியை உட்கார வைத்தார். நான் அவரைக் கட்டினேன்.

திரையில் ஒரு பட்டன்: 'எல்லாவற்றையும் அழி.' மனைவி கையை இழுத்துக்கொண்டாள்.

"வெளக்கு வச்ச வீட்டுல அழிங்கறதையா அமுக்கச் சொல்றீங்க, தம்பி?"

"அருமைக்கா! அது சும்மா..."

"எம்மவன் கல்யாணப் போட்டோ எங்க போகும்?"

பென்டிரைவ் திரையை எட்டிப் பார்த்தார். நாற்காலியோடு எழுந்தார். அப்படியே வாசல்வரை போய்விட்டார். ஓடிப்போய் அவிழ்த்தேன்.

"அதை நானும் கேக்கலண்ணே. என் திரையும் கேக்கல."

கொஞ்ச நாள் அவர் கடை பூட்டியே கிடந்தது. பிறகு வீட்டுக்கு வந்தார். மறுபடி கட்டினேன். இப்போது முதல் கேள்வியே வேறு. 'இதில் போட்டோ இருக்கிறதா? முதலில் பத்திரப்படுத்துவோம்.' ஒவ்வொரு படமாக வேறு பென்டிரைவுக்குப் போவது தெரிந்தது. அப்புறம்தான், 'படம் தவிர மற்றதெல்லாம் போய்விடும். சுத்தம் செய்து புதுசைக் குடிவைக்கலாமா?'

மனைவி சாமி கும்பிட்டு அமுக்கினாள்.

சிஸ்டம் ஏறியது. படங்கள் திரும்பி வந்தன. ஒன்றும் குறையவில்லை. பென்டிரைவ் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

"முகப்புல ஒரு படம் வைங்கக்கா."

மனைவி தேடி எடுத்தாள். பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு அண்ணாந்து பார்க்கிற பென்டிரைவ்.

"ஐயோ, வேணாங்க்கா!"

கை கட்டியிருந்தது. தடுக்க முடியவில்லை.

மகன் லீவில் வந்தபோது கேட்டான்.

"கல்யாணம் எனக்கு. படம் அவருக்காம்மா?"

"ஒன்னையத்தான் தெனம் போன்ல பாக்குறேனே."

நானும் மாற்றச் சொல்லவில்லை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த முகத்தைப் பார்த்தால்தான் எனக்கும் பொழுது விடிந்த மாதிரி இருக்கிறது.