சித்தி குளிக்கிறாங்க

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் மனைவியின் தங்கை, பின்னறையிலிருந்து முன்னறைக்கு எழுதிக்கொள்வது. நான் நலம். தொலைக்காட்சியோடு சேர்ந்து நீங்கள் சிரிப்பது கேட்பதால் நீங்களும் நலமென்று தெரிந்துகொண்டேன். பதினைந்தடி தூரத்துக்கு ஒரு கடிதமா என்று கேட்பீர்கள். உங்கள் எதிரே வந்து நின்றால் ‘சரி மாமா’ என்ற இரண்டு சொற்களைத் தவிர எனக்கு வேறொன்றும் வாயில் வருவதில்லை. எழுத உட்கார்ந்தால் மற்ற சொற்களும் வருகின்றன.

சனிக்கிழமை பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் ‘வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கான அவசரகாலத் திட்டம்’ என்ற தலைப்பில் பேச வேண்டும், “நாலு வரி எழுதிக் குடும்மா, நம்ம வீட்ல நீதானே டிகிரி முடிச்சவ” என்று காலையில் கேட்டீர்கள். உங்கள் கையெழுத்தோடு போன திட்டம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று தலைமையாசிரியை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறாராமே, மகிழ்ச்சி. அந்த நாலு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது.

பள்ளி அனுப்பிய படிவத்தை நீங்கள் என் மடியில் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்காக நான் நான்கு நாள் உட்கார்ந்து பதினோரு விதிகள் எழுதினேன். அடுப்பைத் தொடக் கூடாது, கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே போக வேண்டும், கதவைத் திறக்கக் கூடாது. மூன்றாவது விதி, போனில் யார் கேட்டாலும் வீட்டில் பெரியவர்கள் இல்லை என்று சொல்லக் கூடாது, ‘சித்தி குளிக்கிறாங்க’ என்று சொல்ல வேண்டும். அதன் கீழே, ஆபத்தில் அழைக்க வேண்டியவர்கள் என்று ஐந்து கோடுகள். முதல் கோட்டில் உங்கள் எண்ணை எழுதினேன். “ஃபேக்டரி கேட்லயே போனை வாங்கி வச்சிடுவாங்களேம்மா” என்றீர்கள். அக்கா எண்ணை எழுதினேன். அவள் வேலை பார்க்கும் துணிக்கடையில் போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் உங்கள் தங்கையைக் கேட்டேன். “ஐயோ, எனக்கு பிபி இருக்கு. ஆபத்துன்னு போன் வந்தா எனக்கே ஆபத்தாயிடும்” என்றார்கள். மாடியிலிருக்கும் வீட்டுக்காரரோ, “வாடகைக்கு விட்டது வீட்டை மட்டும்தாம்மா” என்று கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் ஐந்து கோட்டிலும் என் எண்தான். பார்க்க நன்றாயிருக்காதே என்றதற்கு, “ஒண்ணை நீலத்துல எழுது, ஒண்ணைக் கறுப்புல எழுது” என்று யோசனை சொன்னது நீங்கள்தான்.

அதோடு விட்டீர்களா? பிள்ளைகள் கையில் ஒரு போன் வேண்டாமா என்ற கேள்வி வந்தது. “வெளியே போனா உன்னுதை வச்சிட்டுப் போ. உனக்கு யாரு கூப்பிடப் போறாங்க?” என்றீர்கள். ஆகவே ஆபத்து வந்தால் பிள்ளைகள் என் போனிலிருந்து என் போனுக்கே கூப்பிட வேண்டும். இதை உங்கள் பெரிய மகள், நாம் ‘வக்கீல்’ என்று கூப்பிடுகிறவள்தான், கண்டுபிடித்தாள். “அப்பா, அப்படிக் கூப்பிட்டா யாருப்பா எடுப்பா?” என்று கேட்டாள். “எதிர்க்கேள்வி கேக்காதே” என்றீர்கள். பத்து வயதுப் பெண்ணுக்கு இருக்கும் தைரியம் எனக்கில்லை, ‘சரி மாமா’ என்றேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து எனக்கு வேலைக்கான அழைப்பு வரும், அந்த எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன் என்பதை அரைகுறையாய் முனகினேன். “வந்தா பசங்க சொல்லுவாங்க” என்றீர்கள்.

பசங்க சொன்னார்கள் மாமா. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார்கள். ஒத்திகை பார்க்கிறேன் என்று கேட் காவலாளி போனிலிருந்து தொண்டையைக் கட்டைக் குரலாக்கி, “நான் அப்பாவோட சிநேகிதன் பேசறேன், வீட்ல யாரும்மா இருக்கா?” என்று கேட்டீர்களே, வக்கீலும் “சித்தி குளிக்கிறாங்க” என்று பளிச்சென்று சொன்னாளே, அன்று அவளுக்கும் சின்னவள் வாலுக்கும் ஆளுக்கொரு சாக்லேட் வாங்கி வந்து, இனி ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று என்று வாக்குக் கொடுத்தீர்கள். அங்கேதான் என் தலையெழுத்து மாறியது.

போன செவ்வாய்க்கிழமை பள்ளி விடுமுறை. உங்கள் வண்டி உரிமத்தைப் புதுப்பிக்க என்னை வரிசையில் நிறுத்தினீர்கள், “அரை மணி வேலைதான்” என்று. காலை பத்து மணிக்கு நின்றவள் நாலரைக்குத்தான் வெளியே வந்தேன், அதுவும் ஒரு நகல் குறைகிறதென்று திருப்பி அனுப்பியதால். அதற்குள் பரிசோதனைக் கூடத்து மேலாளர் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். பதினோரு மணிக்கு, “சித்தி குளிக்கிறாங்க.” ஒரு மணிக்கு, “சித்தி குளிக்கிறாங்க.” மூன்றரைக்கு அந்த மனிதர், “என்னம்மா, இன்னுமா குளிக்கிறாங்க?” என்று கேட்க, “அவங்க எப்பவும் அப்படித்தான் அங்கிள்” என்று வக்கீல் ஒரு போடு போட்டிருக்கிறாள். “அவங்களுக்கு வேலை கிடைச்சிருக்கு, அஞ்சு மணிக்குள்ள சரின்னு சொல்லணும், போய்ச் சொல்றியா?” என்று பாவம், அவர் கெஞ்சியிருக்கிறார். உடனே வால் போனைப் பிடுங்கி, “அப்பா, குரலை மாத்தினா தெரியாதா? சித்திக்கு எங்கேருந்து வேலை கிடைக்கும்?” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் ஐந்தே காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது இருவரும் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், ஆளுக்கு மூன்று சாக்லேட் என்று. மறுநாள் காலை கூடம் திறந்ததும் கூப்பிட்டேன். காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். “தண்ணியை டெஸ்ட் பண்றதுக்குத்தான்மா ஆள் கேட்டோம்” என்றார் மேலாளர். “காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் குளிக்கிறவங்க டூட்டிக்கு எப்ப வருவாங்கன்னு எங்களுக்கும் ஒரு சந்தேகம்.” விளக்கிச் சொல்லத்தான் நினைத்தேன். ‘சரி சார்’ என்றுதான் வந்தது.

இதைச் சாப்பிடும்போது சொன்னதும் நீங்கள் தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்தீர்கள். சிரிக்கட்டும், சிரிக்க வேண்டிய கதைதான், நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு பெண்களின் முதுகில் தட்டி “சபாஷ், திட்டம்னா இப்படி நடக்கணும்” என்றீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு அக்காவிடம் மெதுவாக, “ஒரு வகைல நல்லதுதான். இவ வேலைக்குப் போயிட்டா பசங்களை யாரு பாத்துக்கறது?” என்றீர்களே, அதைத்தான் ஐந்து நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். அக்கா குழம்புக் கரண்டியைக் கழுவப் போனாள், அது ஏற்கனவே கழுவித்தான் இருந்தது.

நம் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று வருபவர்களிடமெல்லாம் என்னைக் காட்டுகிறீர்கள். படித்த மூன்று வருஷமும் தீ பிடித்தால் என்ன செய்வது என்று பதினோரு விதி எழுதவா மாமா? எனக்குத் தீ பிடித்தால் யாரைக் கூப்பிடுவது என்று எந்தக் கோட்டிலும் எழுதியிருக்கவில்லையே!

ஆகவே இப்போது முடிவாகச் சொல்கிறேன். சனிக்கிழமைப் பேச்சை நான் எழுதித் தர மாட்டேன். திங்கட்கிழமை முதல் என் போன் என் பையில்தான் இருக்கும். ஐந்து கோட்டிலிருந்தும் என் எண்ணை அடித்துவிடுங்கள், நீலம் கறுப்பு எல்லாவற்றையும். பிள்ளைகளுக்கு ஒரு போனும், ஆபத்துக்கு ஒரு ஆளும் பார்த்துக்கொள்வது அவர்களைப் பெற்றவர்களின் வேலை.

அக்காவுக்கு என் அன்பு. வக்கீலுக்கும் வாலுக்கும் முத்தங்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பணிவுடன்,
பின்னறை.

பின்குறிப்பு: திங்கட்கிழமை பள்ளிக்கு அரைநாள்தான் என்று வால் இப்போதுதான் வந்து சொன்னாள். எனவே செவ்வாய் முதல். செவ்வாய்க்கிழமை அக்கா கடையில் சரக்கு சரிபார்ப்பு, வர நேரமாகும், எனவே புதன். புதன்கிழமை உங்கள் உரிமத்துக்காக மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், போனை வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவேன். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். பேச்சு நான்கு பக்கம், இத்துடன் வைத்திருக்கிறேன். மூச்சு விட வேண்டிய இடங்களில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். கடைசியில் ‘இந்தத் திட்டத்தை எழுதிய என் மனைவியின் தங்கைக்கு நன்றி’ என்று ஒரு வரி இருக்கும். நேரமில்லை என்றால் அதை விட்டுவிடலாம் மாமா.