அக்காவின் உப்புப் பொங்கல்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.

சௌபாக்கியவதி ஜானவிக்கு, சாம்பசிவன் மாமா அநேக ஆசீர்வாதம். இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைவரும் சௌக்கியம். புனேயில் உன் சௌக்கியத்துக்கும் மாப்பிள்ளை அபிஜித்தின் சௌக்கியத்துக்கும் பத்மநாப சுவாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்கில் இருக்கேன் மாமா" என்பாய். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். அடுத்த வாரம் ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்காலை. உன் பெரியம்மா, என் அக்கா சரஸ்வதி, போய்ச் சேர்ந்தபின் வருகிற முதல் பொங்காலை. தம்பானூர் ரயில்வே ஸ்டேஷன் மதிலோரம் வருஷா வருஷம் அவள் அடுப்புக் கூட்டிய இடத்தை யாரையும் பிடித்துக்கொள்ள விடக் கூடாது. நீ லீவு போட்டு வந்து அங்கே பானை வைக்க வேண்டும். நான் வைக்கலாமென்றால் அன்றைக்கு ஊரே பெண்களுடையது, ஆண்பிள்ளை அடுப்புப் பக்கம் போக முடியாது. பெரியம்மா போன தீட்டு உனக்கு இல்லை என்று நாகேஸ்வர வாத்தியாரிடம் கேட்டுவிட்டேன்.

நம் வாசலிலேயே பானை வைக்கலாமே, தம்பானூர் எதற்கு என்று அக்காவைத் தெருவே கேட்டது. "இங்கே வச்சா ஆளுக்கு ஒரு புத்தி சொல்லுவா. அங்கே நான்பாட்டுக்குக் கிளறுவேன்" என்றாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ரிடையராகும் வரை டிக்கெட் கொடுத்த ஸ்டேஷன் அது, அந்த மதில் அவளுக்குப் பிறந்த வீடு மாதிரி. ஊரெல்லாம் வெல்லப் பாயசம் பொங்கும்போது இவள் மட்டும் மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டு உப்புப் பொங்கல் வைப்பாள். "இத்தனை பானைத் தித்திப்பையும் சாப்பிட்டா பகவதிக்குத் திகட்டாதா? ஒண்ணாவது காரமா இருக்கட்டுமே" என்பாள். முதலில் காலியாவது அந்தப் பானைதான். பெண் பார்க்க வந்தவர்கள் கல்யாணமானால் வேலையை விட வேண்டும் என்றபோதும் இவள் சண்டை போடவில்லை. காபி டம்ளர்களை வாங்கிக்கொண்டு, "உங்க வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு. இப்பவே கிளம்பினா ஜன்னலோரம் கிடைக்கும்" என்றாள். ஒரு தடவை எங்கள் அப்பா கவுண்டரில் பக்கவாட்டில் தலையை நீட்டி, "சரசு, மதுரைக்கு ஒண்ணு" என்றார். "க்யூவிலே வாங்கோப்பா" என்று சொல்லிவிட்டாள். அப்பா க்யூவில் நின்றார். நின்றதோடு விடாமல், முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் எல்லோரிடமும் "அது என் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பெருமை எனக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் குறையவில்லை.

ஆகவே நேற்றே இடம் பிடித்துவிடலாம் என்று மூன்று செங்கல்லை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தம்பானூர் போனேன். போனால், அக்காவின் இடத்தில் எவளோ ஏற்கெனவே மூன்று செங்கல் போட்டு அடுப்புக் கூட்டியிருக்கிறாள்! எனக்கு வந்ததே கோபம். முழங்காலை மறந்தேன், வயசை மறந்தேன், மூன்றையும் தூக்கி வீசினேன். ஒன்று டீக்கடை வாளியில் விழுந்து, டீக்கடைக்காரர் தலையோடு கால் நனைந்து, அவர் கத்த, நான் கத்த, டியூட்டியில் இருந்த ஜிஷா என்கிற போலீஸ் பெண் ஓடிவந்து, "அங்கிளே, பிரஸ்னம் உண்டாக்கல்லே கேட்டோ" என்று அதட்ட, நான் என் செங்கல்லின் மேலேயே உட்கார்ந்து மறியல் செய்ய, பக்கத்து லாட்ஜில் சமையல் செய்யும் கலைச்செல்வி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். பொங்காலைக்கு எப்போதும் அக்காவுக்குப் பக்கத்து அடுப்பு அவளுடையதுதான்.

"அக்கா கல்ல யாரு தூக்கிப் போட்டது?"

"நான்தாம்மா. இது என் அக்கா இடம். நான் அவ தம்பி!"

"தம்பின்னா தூக்கிப் போட்டுருவியளோ? அக்கா எடத்த எவளும் புடிச்சிரக் கூடாதுன்னு நாங்க எல்லாருஞ் சேந்து மொதக் கல்லே அக்காவுக்குத்தான் சார் போட்டோம். பொறவுதான் எங்களுக்கு."

எனக்கு அழுகைதான் வந்தது. "கரயல்லே அங்கிளே, கல்லு திரிச்சு வெச்சா மதி" என்று அதட்டிய ஜிஷாவே, அழ வேண்டாம், கல்லைத் திரும்ப வைத்தால் போதும் என்று சமாதானம் சொன்னாள். பொறுக்கி வந்து வைத்தேன். வாளியில் விழுந்தது உடைந்துவிட்டதால், அவர்கள் கல் இரண்டும் நம் கல் ஒன்றுமாக இப்போது அக்காவின் அடுப்பு நிற்கிறது.

இருந்தாலும் ஜானவி, அவர்கள் எவ்வளவு தங்கமானவர்களானாலும் சரசுவின் பானையில் கரண்டி பிடிப்பது நம் குடும்பத்துக் கையாக இருக்க வேண்டாமா? அந்த இடம் உனக்குப் பாத்தியதை. இன்றே டிக்கெட் போடு. நூல்புடவை கொண்டு வா, நைலக்ஸ் உடுத்தி அடுப்பண்டை போகாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசியைச் சொல். தீர்க்காயுசாக, சரசுவின் பிடிவாதத்தில் பாதியாவது வாய்த்து, நன்றாக இருப்பாய்.

இப்படிக்கு உன் மாமா,
சாம்பசிவன்

பி.கு.: தபாலில் சேர்க்கப் போகும்போது கலைச்செல்வி போன் செய்தாள். நீ வருவதைச் சொன்னேன். "வரட்டும் சார். ஆனா அக்கா பானைய நாங்கதான் மாறி மாறிக் கிண்டுவோம். ஒங்க புள்ளைக்கு வரிசையில கடைசிலதான் எடம்" என்றாள். குடும்பம், பாத்தியதை என்று ஆரம்பித்தேன். "க்யூவுல வரச் சொல்லுங்க சார். அக்கா இருந்தா வேற என்ன சொல்லும்?" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. வருவதானால் உன் செங்கல்லை நீயே கொண்டு வந்து கடைசியில் போட்டுக்கொள். பக்கத்தில் இருப்பவர்களிடம் "அது என் பெரியம்மா அடுப்பு" என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குத் தடை இல்லை, கேட்டுவிட்டேன்.