பட்டத்து இளவரசருக்குத் திட்ட வரவில்லை

வெஸ்த்ரியப் பேரரசின் மகாராணியும், ஏழு நதிகளின் தாயும், என் உடன்பிறந்த அக்காவுமாகிய யெலிசாவா அவர்களின் திருச்சமூகத்துக்குத் தம்பி ஒஸ்தோயா தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் இறகை மையில் தொட்டேன், கை வரவில்லை. அங்கே வெந்நீர் ஊற்றில் தாங்களும் பேரரசர் அத்தானும் சௌக்கியமாக நீராடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் தொண்டை தேறி வருகிறதா? பேசவே வேண்டாம் என்று சொல்லுங்கள். முக்கியமாக, இந்தக் கடிதத்தைக் கேட்ட பிறகு பேச வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அக்கா, தாங்கள் தாங்கள் என்று எழுதிக்கொண்டே போனால் என் கோபம் ஆறிப்போய்விடும்போல இருக்கிறது. ஆறக் கூடாது. ஆகவே இனிமேல் நீதான். உன் பிள்ளைக்குத் திட்ட வரவில்லை. நீ கிளம்பும்போது வண்டிப்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்ன சொன்னாய்? "ஒஸ்தோயா, திராட்சை அறுப்பு முடிஞ்சதும் ஏச்சுநாள் வந்துடும். அத்தானுக்குக் குரலே இல்ல. இந்தத் தடவ திஹோமிர்தான் மாடத்துல நின்னு பிரபுக்களத் திட்டணும். அவனுக்கு நல்லதா நாலு வசவு சொல்லிக் குடு" என்றாய். ஏதோ நாலு பாட்டு சொல்லிக்கொடு என்பதுபோலச் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டாய். மாட்டிக்கொண்டவன் நான்.

முதலில் சமையலறையில் ஆரம்பித்தேன். முட்டைக்கோஸ் உருண்டையைக் கருக்கிவைக்கும்படி சமையல்காரி ஸ்தான்காவிடம் நானே சொல்லியிருந்தேன். தட்டு வந்தது. கரி மாதிரி இருந்தது. "ம், ஆரம்பி" என்று கண்ணைக் காட்டினேன். உன் பிள்ளை ஒன்றை எடுத்துத் தின்றான், இன்னொன்றையும் தின்றான். "ஸ்தான்காம்மா, புகை வாசனை நல்லாத்தான் இருக்கு. கைய கிய்ய சுட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டான். அவள் முந்தானைத் துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து இளவரசருக்குப் பிடிக்கும் என்று அரண்மனையில் எல்லாமே கருகல்தான். நானும் அதைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன். பிறகு, வசவுக்குப் பேர்போன இடம் படகுத்துறைதானே, காதால் கேட்டாலாவது தொற்றிக்கொள்ளட்டும் என்று அங்கே கூட்டிப்போய் நிறுத்தினேன். கொஞ்ச நேரம்தான் நின்றான், அக்கா. எதிராளியின் ஏழு தலைமுறையையும் இழுக்காமல் ஒரு கயிறுகூட அவிழ்க்காத படகோட்டிகள், "அண்ணே, நீங்க முன்னாடி போங்க", "சேச்சே, நீங்க போங்க தம்பி" என்று உபசாரம் பண்ணிக்கொண்டே நின்றதில், துறையில் ஒரு படகும் நகரவில்லை. உப்பு ஏற்றிவந்த வியாபாரிகள் என்னைத்தான் திட்டினார்கள்.

கடைசியாக ஒரு ஆட்டுத்தோல் கோட்டை நாற்காலிமேல் மாட்டி, "இதுதான் பிரபு வுகாஷின், பாலத்தை இடியவிட்ட மகானுபாவன், திட்டு" என்றேன். கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்தது. வருகிறது வருகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மாமா, இதோட தோள்பட்ட கிழிஞ்சிருக்கு. குளிர்காலம் வருதே" என்று எடுத்துக்கொண்டுபோய்த் தைக்கக் கொடுத்துவிட்டான். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவேன்?

இவன் இப்படி இருக்க, அத்தானின் தம்பி மகன் க்ரிகோர் எல்லைக் கோட்டையிலிருந்து வந்து இறங்கியிருக்கிறான். காரணம் உனக்குத் தெரியாததா? பொழுது சாய்வதற்குள் வாரிசு வாய் திறந்து திட்டாவிட்டால், ராஜ ரத்தத்தில் வேறு யாரையாவது பிரபுக்கள் மாடத்தில் ஏற்றிவிடலாம், ஏறியவனுக்குத்தான் பட்டம். அவன் திட்டுகிற திட்டு இருக்கிறதே! குதிரையைத் திட்டுகிறான், குதிரைக்காரனைத் திட்டுகிறான், மழையைத் திட்டுகிறான். பிரபுக்கள் மதிலோரம் நின்று சங்கீதம் கேட்பதுபோலக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. திட்டு வாங்கினால்தான் குல்லாயைத் தலையில் வைத்துக்கொண்டு விருந்துக்கு உள்ளே போகலாம். வாங்காவிட்டால் வெறுந்தலையோடு ஊர் திரும்ப வேண்டும். அரியணை இவரைத் தன் ஆளாகவே நினைக்கவில்லை என்று ஊர் சிரிக்கும். அத்தான் திட்டியதைப் பேரன் பேத்திகளுக்கு நடித்துக் காட்டுகிற மனிதர்கள் அவர்கள்.

இன்று காலை விடிந்தது ஏச்சுநாள். பிரபுக்கள் முற்றத்தில் குல்லாயைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். வயதில் மூத்தவர் என்பதால் வுகாஷின் முன்னால். மாடத்தில் உன் பிள்ளை, அவன் முதுகுக்குப் பின்னால் திரைச்சீலைக்குள் நான். "உதவாக்கரைன்னு ஆரம்பி" என்று கிசுகிசுத்தேன். அவன் தொண்டையைச் செருமினான்.

"வுகாஷின் தாத்தா, பாலம் இடிஞ்சுபோச்சாமே…" என்றான். ஆகா, நல்ல ஆரம்பம் என்று நினைத்தேன். "உங்களுக்கு ஒண்ணும் அடிபடலியே?"

வுகாஷின் அண்ணாந்து பார்த்தார். "எனக்கு என்ன கேடு, எளவரசே! நல்லாத் திட்டுங்க. வெயில்ல மண்ட காயுது" என்று கெஞ்சினார். பாவம், கிழவருக்கு அழுகையே வந்துவிட்டது. இவன் என்ன செய்தான் தெரியுமா? "மண்ட காயுதா? ஐயையோ" என்று படியிறங்கி ஓடித் தன்னுடைய குல்லாயைக் கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டான்! வாரிசின் குல்லாய்! திட்டே வாங்காத தலையில்! முற்றத்தில் எழுந்த கூச்சலை நான் எப்படி எழுதுவேன்? க்ரிகோர் தூணில் சாய்ந்துகொண்டு, "பெரியம்மா பெத்தது பிள்ளையா, இல்ல வெண்ணெயா?" என்று சிரித்தான். பிரபுக்கள் ஒதுங்கிப்போய்க் கூடிப் பேசுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் க்ரிகோரை ஏற்றப்போகிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் ஆத்திரம்தான் காரணம்; பிளம் சாராயம் இல்லை.

ஆகவே, அக்கா, முடிந்தது. நீங்கள் அரண்மனைக்குத் திரும்ப வேண்டாம். மலையடிவாரத்தில் நம் அப்பாவின் பழைய வீட்டுக்குப் போய்விடுங்கள். நான் திஹோமிரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்கிறேன். அவன் செம்மறி மேய்க்கட்டும். அதையும் திட்ட மாட்டான், அதுபாட்டுக்கு அடுத்தவன் வயலில் மேயும். அத்தானுக்கு என் வணக்கம். பெரியவர்கள் எல்லோர் காலையும் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லவும். எல்லாப் புனிதர்களும் உங்களைக் காக்கட்டும். என்னைக் காக்க அவர்களுக்கு நேரமில்லை.

இப்படிக்கு,
உன் அபாக்கியவான் தம்பி,
ஒஸ்தோயா

பி.கு.: மேலே உள்ளதை இன்னும் படிக்கவில்லையென்றால் படிக்காதே. படித்துவிட்டாயென்றால் மறந்துவிடு.

கடிதத்தை மடித்துவிட்டு, அந்தக் குல்லாயையாவது மீட்போம் என்று முற்றத்துக்குப் போனேன். வுகாஷின் தரமாட்டேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில், "கெழட்டுக் கழுத, குடுய்யா!" என்று பிடித்து இழுத்தேன். கிழவர் தடுமாறி முழங்காலில் விழுந்தார். அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தான்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"மாமா! வெக்கமா இல்ல உங்களுக்கு? அவரு வயசென்ன, உங்க வயசென்ன? கோட்டப் பாத்துக் கத்துன்னீங்க, சரின்னேன். கருகினத ஆக்கிப்போட்டீங்க, தின்னேன். எனக்குத்தானேன்னு பொறுத்துக்கிட்டா, கெழவரக் கீழ தள்ளுவீங்களா? கைய எடுங்க! மொதல்ல அவரத் தூக்கிவிடுங்க. சொல்றேன்ல, தூக்குங்க! மூளைய எங்க கழட்டி வெச்சீங்க?"

தூக்கிவிட்டேன். பிறகு பிரபுக்களிடையே ஒரு முணுமுணுப்பு. நமக்கு வராத திட்டு, ஒரு சாண் நிலம்கூட இல்லாத இந்த மச்சானுக்கா என்று அத்தனை பேருக்கும் வயிற்றெரிச்சல். வுகாஷின் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டே, "எளவரசே, அந்தச் சூட்டோட எனக்கும்…" என்று இழுத்தார்.

"உங்களுக்கு இல்லாமயா? இடுப்பளவு தண்ணியில கொழந்தையத் தோள்ல தூக்கிக்கிட்டு ஜனங்க ஆத்தக் கடக்குது. நீங்க வீட்டுல கணப்புக்கு முன்னாடி கால நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. பனி விழறதுக்குள்ள பாலம் நிக்கணும். நிக்கலேன்னா நான் வந்து உங்க வாசல்ல நிப்பேன்!"

கிழவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இளவரசரின் குல்லாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை மாட்டிக்கொண்டார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவர் ஊரிலும் யாருக்கு என்ன கஷ்டம் என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா. அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுகிறான். க்ரிகோர் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தான். "நீ என்னடா இளிக்கற? ஒன் குதிரக்காரனுக்கு முதுகெல்லாம் தழும்பு. இனிமே அவன் மேல கைய வெச்சே, கோட்டை ஒனக்கில்ல!" என்று ஒரு போடு போட்டான். க்ரிகோர் பழக்க தோஷத்தில் குல்லாயை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். வைத்த பிறகுதான் உறைத்தது. எல்லாரும் பார்த்துவிட்டார்கள். திட்டு வாங்கிக் குல்லாய் வைத்தவன், திட்டினவனின் ஆள். எடுக்கவும் முடியவில்லை, போட்டுக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு விருந்துக்குப் போய்விட்டான்.

நீ கல்யாணமாகி வந்தபோது பெட்டியோடு பெட்டியாக வந்தவன் நான். அத்தான் ஒரு நாள்கூட என்னைத் திட்டியதில்லை. அது மரியாதை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இன்றைக்குத் தூணுக்குப் பின்னால் போய் நின்று நன்றாக அழுதேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பட்டம் அவனுக்குத்தான், அந்தக் கவலை விட்டது. ஆனால் இப்போது இவனுக்கு நிறுத்த வரவில்லை. கருகலுக்காக ஸ்தான்காவுக்கு உள்ளே திட்டு விழுந்துகொண்டிருக்கிறது. "அம்மா அப்பாவுக்கும் இருக்கு, கோடை பூரா ஒரு வரி போடல, வரட்டும்" என்றான். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. வெந்நீர் குளித்தது போதும், அக்கா. புறப்பட்டு வந்து வாங்கிக்கொள்.